பத்ரோன் 1926 சுருட்டு: பெட்டி திறப்பதிலிருந்து கடைசி இழுப்பு வரை

நான் முதன்முதலில் பிடித்த பத்ரோன் 1926 என்னைக் கவிழ்த்துவிட்டது. பாதி தாண்டுவதற்குள் நெற்றியில் குளிர்ந்த வியர்வை, வயிற்றில் புரட்டல், நாற்காலியை விட்டு எழ முடியாத நிலை. சுருட்டின் மேல் பழி போட்டுக்கொண்டு சில மாதங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. அப்புறம்தான் யோசித்தேன்: அன்று காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, ஒன்றரை மணி நேரச் சுருட்டை முக்கால் மணி நேரத்தில் முடிக்கப் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை வயிறு நிறையச் சாப்பிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அதே வரிசை, அதே அளவு. வேறு ஏதோ சுருட்டு என்றே நினைத்தேன்.

இந்த வழிகாட்டி ஏற்கெனவே சுருட்டு பிடிக்கிற, இப்போது கனமான ரகத்துக்கு வர நினைக்கிற பெரியவர்களுக்கு. புதிதாகப் பழகச் சொல்லி யாரையும் அழைக்கவில்லை. புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் சுருட்டு வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் ஆகியவற்றில் புற்றுநோய் வரும் ஆபத்தைக் கூட்டுகிறது. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டுக்குச் சமமான புகையிலை இருக்கலாம். அதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்

ஃபுல் பாடி என்றால் காட்டமான சுருட்டு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மூன்று விஷயங்கள் தனித்தனி. பாடி என்பது புகை வாயில் உட்காரும் கனம். தண்ணீருக்கும் கொழுப்பு நீக்காத பாலுக்கும் நாக்கில் தெரிகிற வித்தியாசம்தான் அது. ஸ்ட்ரெங்த் என்பது நிக்கோட்டின் உடம்பில் காட்டும் வேலை. சுவை மூன்றாவது. வாயில் லேசாக இருந்துகொண்டே தலையைச் சுற்ற வைக்கிற சுருட்டுகள் உண்டு. வாயை நிறைத்தும் உடம்பைத் தொந்தரவு செய்யாதவையும் உண்டு. பத்ரோன் 1926 மூன்றிலும் மேல்தட்டில் நிற்கிறது. ஆனால் காரமோ கசப்போ முன்னால் வந்து நிற்காததால், ஸ்ட்ரெங்த் தாமதமாகத்தான் தெரியும். என்னைக் கவிழ்த்தது அதுதான்.

1926 என்பது யாருடைய ஆண்டு

அந்த ஆண்டில் சுருட்டியது என்று நினைத்து விலையைப் பார்த்து வியந்தவரை நானே கண்டிருக்கிறேன். அது நிறுவனர் ஹோசே ஒர்லாண்டோ பத்ரோன் பிறந்த ஆண்டு. கியூபாவின் புகையிலைப் பூமியான பினார் டெல் ரியோவில், தலைமுறைகளாகப் புகையிலை பயிரிட்ட குடும்பத்தில் பிறந்தவர். புரட்சிக்குப் பிறகு நாட்டை விட்டு வெளியேறி 1962இல் மயாமி வந்து சேர்ந்தார். நண்பர் ஒருவர் கொடுத்த சிறு சுத்தியலை வைத்துக்கொண்டு தச்சு வேலை செய்து 600 டாலர் சேர்த்தார். 1964இல் அதைப் போட்டுத்தான் சுருட்டுத் தொழிலைத் தொடங்கினார். அந்தச் சுத்தியல் இன்றும் நிறுவனத்தின் சின்னம்.

1970இல் உற்பத்தி நிகரகுவாவின் எஸ்தெலிக்குப் போனது. அங்கே உள்நாட்டுப் போர். 1978இல் ஆலை எரிந்தது. அதே ஆண்டு அரசியல் கைதிகளின் விடுதலைக்காகப் பேச ஹவானா சென்ற குழுவில் அவரும் இருந்தார். அவர் ஃபிடல் காஸ்ட்ரோவுக்குச் சுருட்டு நீட்டும் புகைப்படம் வெளியானதும், காஸ்ட்ரோவை வெறுத்து வெளியேறிய கியூபர்கள் நிறைந்த மயாமியில் அவருடைய நிறுவனத்தின் மீது குண்டுகள் வெடித்தன. 1985இல் நிகரகுவா மீது அமெரிக்கா வணிகத் தடை போட்டது. 1990 வரை நீடித்தது. ஒவ்வொரு முறையும் இடிந்ததை எழுப்பிக்கொண்டே வந்தார்கள். 1994இல், நிறுவனத்தின் 30ஆம் ஆண்டுக்காக, 1964 ஆனிவர்சரி வரிசை வந்தது. 2002இல் நிறுவனரின் 75 வயதைக் கொண்டாடி 1926 வரிசை வந்தது. அவர் 2017 டிசம்பரில், 91 வயதில் காலமானார்.

இந்தக் கதையைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1964 வரிசைக்கு இலையை 4 ஆண்டுகள் பழுக்க வைக்கிறார்கள். 1926க்கு குறைந்தது 5. ஐந்து ஆண்டு இலையைக் கிடங்கில் கிடத்தி வைப்பது என்றால் ஐந்து ஆண்டுப் பணத்தைக் கிடத்தி வைப்பது. சொந்தமாகப் பயிர் செய்து, சொந்தமாகப் பதப்படுத்தி, சொந்தமாகச் சுருட்டும் குடும்பத்துக்குத்தான் அந்தப் பொறுமை கட்டுப்படியாகும்.

உள்ளே என்ன இருக்கிறது

மேலிலை, அதற்கடியில் உள்ளிருப்பதைக் கட்டிப் பிடிக்கும் இலை, உள்ளே நிரப்பும் இலைகள் என எல்லாமே நிகரகுவாவில் விளைந்தவை, வெயிலில் வளர்ந்தவை. நிழல்வலைக்கு அடியில் வளரும் இலை மெல்லியதாக, வழவழப்பாக இருக்கும். வெயில் இலை தடிக்கும், நரம்போடும், எண்ணெய் கசியும். 1926இன் மேலிலை சற்று முரடாகத் தெரிந்தால் குறை என்று நினைக்காதீர்கள்.

புகையிலைச் செடியில் இலை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் பாதிக் கதை. அடியிலைகள் மெல்லியவை, நன்றாக எரியும். நடுவிலைகள் வாசம் தரும். உச்சியில் இருப்பது லிஹேரோ. வெயில் முழுவதையும் வாங்கிக்கொள்வதால் தடிப்பு, எண்ணெய், நிக்கோட்டின் எல்லாம் அதில் கூடுதல், எரிவது மெதுவாக. அதனால்தான் சுருட்டுபவர் லிஹேரோவை நடுமையத்தில் வைப்பார். ஓரத்துக்கு வந்துவிட்டால் அந்தப் பக்கம் எரியாமல் பின்தங்கும்.

அறுத்து உலர்த்திய இலைகளைப் பெரிய அம்பாரங்களாக அடுக்குவார்கள். அம்பாரத்துக்குள் தானாகவே சூடு ஏறும், அம்மோனியா வெளியேறும். சூடு எல்லை தாண்டும் முன் பிரித்து, உள்ளிருப்பதை வெளியே, வெளியிருப்பதை உள்ளே மாற்றி மறுபடி அடுக்க வேண்டும். இளம் சுருட்டில் மூக்கைக் குத்துகிற நெடி இந்த வேலை முடியாததன் அடையாளம். பழுத்த சுருட்டில் அது இருக்காது. அதனால்தான் இத்தனை கனமான புகையும் தொண்டையில் கீறாமல் போகிறது.

நேச்சுரலா, மதுரோவா

ஒவ்வொரு அளவும் இரண்டு மேலிலைகளில் கிடைக்கும். மதுரோ நீண்ட நேரம், கூடுதல் சூட்டில் பதப்பட்டுக் கறுத்தது. கறுப்பாக இருப்பதால் மதுரோதான் காட்டம் என்று எண்ணுவது பெரும் பிழை. நீண்ட பதப்படுத்தல் ஒரு இனிப்பை வெளிக்கொண்டு வருகிறது. கோகோ, கறுப்புக் காபி, வெல்லப்பாகை நினைவூட்டும் ஒரு மென்மை அதில் உண்டு. நேச்சுரலில் மிளகு, வறுத்த கொட்டைகள், மரம், மண்வாசம் தெளிவாகப் பிரிந்து தெரியும். என் தேர்வு: முதல் சுருட்டு மதுரோ, இரண்டாவது நேச்சுரல். மதுரோ உங்களை அழைத்துப் போய் உட்கார வைக்கும். நேச்சுரலை ரசிக்க நாக்கு கொஞ்சம் பழகியிருக்க வேண்டும்.

எந்த அளவு

சுருட்டின் தடிமனை ரிங் கேஜ் என்று சொல்வார்கள். ஒரு அங்குலத்தை 64 பங்காக்கினால் அதில் எத்தனை பங்கு என்பதே அந்த எண். 54 என்றால் சுமார் 21 மில்லிமீட்டர்.

நம்பர் 35 மிகச் சிறியது: 4 அங்குல நீளம், 48 ரிங். அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை வரும். ஆனால் சின்னது என்பதால் சாது என்று நம்ப வேண்டாம். எல்லாம் சீக்கிரமே வந்து சேர்ந்துவிடும். நம்பர் 6 (4¾ × 50) ரோபஸ்டோ எனப்படும் குட்டையான, தடித்த வடிவத்தின் சாயல். நம்பர் 2 (5½ × 52) கூம்பு முனை. நம்பர் 9 (5¼ × 56) குட்டையாக, குண்டாக, ஒன்றே கால் மணி முதல் ஒன்றரை மணி வரை நிற்கும். நம்பர் 1 (6¾ × 54) என்றால் இரண்டு மணி நேரத்தை ஒதுக்கி வையுங்கள். கூம்பு முனையுடைய 40ஆம் ஆண்டு சுருட்டும் (6½ × 54), இரு முனையும் குறுகிய 80 இயர்ஸும் விசேஷ நாளுக்கானவை, தொடக்கத்துக்கு அல்ல.

முதலில் எதை வாங்குவது என்று கேட்டால் நம்பர் 6 மதுரோ என்பேன். நம்பர் 35ஐச் சொல்பவர்கள் அதிகம், எனக்கு அதில் உடன்பாடில்லை. குட்டைச் சுருட்டில் நெருப்பு வாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சூடு ஏறினால் தப்பிக்க இடமில்லை.

பெரும்பாலான அளவுகள் நான்கு பக்கமும் தட்டையாக அழுத்தப்பட்டவை; பாக்ஸ் பிரெஸ் என்பார்கள். அழகுக்கு மட்டும் இல்லை, கையிலும் உதட்டிலும் பிடிப்பாக உட்காரும். 80 இயர்ஸ் உருண்டை வடிவம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

விலை உயர்ந்த எதற்கும் போலி உண்டு. 1926இல் சுருட்டைச் சுற்றியிருக்கும் வழக்கமான காகிதப் பட்டைக்குக் கீழே இன்னொரு பட்டை இருக்கும். அதில் அந்தச் சுருட்டுக்கே உரிய வரிசை எண் அச்சாகியிருக்கும். ஒரு பெட்டியில் இரண்டு சுருட்டுக்கு ஒரே எண் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், திருப்பிக் கொடுங்கள். இரண்டாம் பட்டையே இல்லாமல், விலை மட்டும் பாதியாகக் கிடைக்கிறது என்றால் அதன் பொருள் உங்களுக்கே தெரியும்.

அப்புறம் விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் அமுங்கி மீள வேண்டும். நொறுங்கும் சத்தம் கேட்டால் காய்ந்துவிட்டது. பஞ்சு மாதிரி அமுங்கியே கிடந்தால் ஈரம் அதிகம். பற்றவைக்கும் முனையில் மேலிலை பிளந்திருந்தால் வேறொன்றை எடுங்கள். குண்டூசி நுழையும் அளவு ஓட்டை தெரிந்தால் அந்தப் பெட்டியையே தொடாதீர்கள். உள்ளே வண்டு இருக்கிறது.

வீட்டில் வைத்திருப்பது

வாங்கியதும் பற்றவைக்கத் தோன்றும். கூடாது. பயணத்தில் ஈரம் ஏறி இறங்கியிருக்கும். குறைந்தது இரண்டு வாரம் ஹ்யூமிடாரில், அதாவது ஈரப்பதம் காக்கும் சுருட்டுப் பெட்டியில், ஓய்வெடுக்கட்டும்.

பழைய விதி 70 சதவீத ஈரப்பதம், 70 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 21 செல்சியஸ். நினைவில் நிற்கிற எண்கள், அவ்வளவுதான். எண்ணெய்ப் பிசுக்கான, தடித்த இலையுடைய இந்த வரிசைக்கு 65 சதவீதம் மேல் என்பது என் அனுபவம். 70இல் வைத்தவை அடிக்கடி அணைகின்றன, ஒரு பக்கமாக எரிகின்றன. 65இல் வைத்தவை கடைசி வரை ஒழுங்காக வருகின்றன.

வெப்பத்தில்தான் கண்டிப்பு வேண்டும். புகையிலை வண்டின் முட்டை இலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். குளிர்ச்சியில் அது தூங்கும், சூடு ஏறினால் விழிக்கும். 21 டிகிரிக்குள் வைத்திருந்தால் கவலை குறைவு. வெயில் காலத்தில் பெட்டியை வீட்டின் குளிர்ந்த மூலைக்கு மாற்றுங்கள். ஜன்னலோரம் வைத்து அழகு பார்ப்பவர்கள் வண்டுக்கு விருந்து வைக்கிறார்கள்.

ஈரமானியை அப்படியே நம்பாதீர்கள், புதிதாக வாங்கியதே தப்பாகக் காட்டும். சோதிக்க எளிய வழி: ஒரு சிறு மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கூழாகும் அளவு மட்டும் தண்ணீர் விடுங்கள், உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. அதையும் ஈரமானியையும் காற்றுப் புகாத டப்பாவுக்குள் வைத்து ஒரு நாள் மூடி வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். உங்கள் மானி 71 காட்டினால், எப்போதும் 4 கூட்டிப் படிக்க வேண்டும்.

மரப் பெட்டியாக இருந்தால், சுருட்டு வைப்பதற்கு முன் மரம் ஈரம் குடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது சுருட்டிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே காய்ச்சி வடித்த நீர் வைத்த சிறு கிண்ணத்தோடு ஓரிரு வாரம் மூடி வைப்பது போதும்; ஈரத்துணியால் துடைத்தால் பலகை வளையும். உட்பலகையை ஸ்பானிஷ் சீடார் என்பார்கள். அது ஸ்பெயினில் வளர்வதும் இல்லை, தேவதாரு இனமும் இல்லை. மத்திய அமெரிக்காவில் வளரும், மஹோகனி குடும்பத்து மரம். மரப்பெட்டிக்குச் செலவிட மனமில்லையா? இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவும், 65 சதவீதத்தில் ஈரத்தைத் தானே சமன் செய்யும் பொட்டலமும் போதும். பல மரப்பெட்டிகளைவிட அது நன்றாகவே வேலை செய்கிறது.

நாள்பட்ட சுருட்டின் மேல் வெள்ளைப் பொடி தெரிந்தால், பழுத்ததன் அடையாளம் என்று சிலர் மகிழ்வார்கள். பெரும்பாலும் அது பூஞ்சைதான். துடைத்துவிட்டு ஈரத்தைக் குறையுங்கள். பற்றவைக்கும் முனைக்குள்ளேயே போயிருந்தால் அந்தச் சுருட்டைத் தூக்கிப் போடுங்கள்.

வெட்டு, நெருப்பு

சுருட்டின் வாய்முனையில் சின்னத் தொப்பி ஒட்டியிருக்கும். அது தோளாக வளையும் இடத்துக்கு மேலே, இரண்டு மில்லிமீட்டர் அளவில் ஒரே வெட்டு. தோளுக்குக் கீழே போனால் மேலிலை பிரிய ஆரம்பிக்கும். கூம்பு முனையில் இன்னும் கஞ்சமாக வெட்டுங்கள். போதாவிட்டால் மறுபடி வெட்டலாம். வெட்டியதை ஒட்ட முடியாது. பற்றவைக்கும் முன் வெறும் காற்றை இழுத்துப் பாருங்கள். நீர் உறிஞ்சும் குழல் மாதிரி தாராளமாக வந்தால் வெட்டு அதிகம். லேசான எதிர்ப்போடு வந்தால் சரி.

பியூட்டேன் லைட்டர் அல்லது நீளமான தீக்குச்சி. பெட்ரோல் லைட்டர் வேண்டாம், முதல் பத்து நிமிடம் அதன் நாற்றம்தான் வரும். சுருட்டைச் சுழற்றிக்கொண்டே, சுடர் முனையைத் தொடாமல், அடியில் காட்டி வாட்டுங்கள். நான்கு மூலைகளுக்கும் தனித்தனியே நேரம் கொடுங்கள். பாக்ஸ் பிரெஸ் சுருட்டில் பின்னால் கோணல் எரிச்சல் வருவதற்குப் பாதிக் காரணம் ஒரு மூலை சரியாகப் பற்றாததுதான். முனை முழுவதும் சாம்பல் பூத்ததும் வாயில் வைத்து, சுழற்றியபடி மெல்ல இழுங்கள். பிறகு முனையில் லேசாக ஊதுங்கள். ஆரஞ்சுத் தணல் முழுவதும் ஒரே சீராக மின்னினால் வேலை முடிந்தது.

பிடிப்பது

நிமிடத்துக்கு ஒரு இழுப்பு. இந்த ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொண்டாலே பாதி வெற்றி. அவசரமாக இழுத்தால் தணல் சூடேறி இலையின் எண்ணெய் கருகுகிறது. அந்தக் கசப்பைத்தான் பலர் ஃபுல் பாடி என்று தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்.

புகையை நுரையீரலுக்குள் இழுக்க வேண்டாம். சுருட்டுப் புகை அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை உள்ளது. நிக்கோட்டின் வாயின் உள்தோல் வழியாகவே இரத்தத்தில் ஏறிவிடும். வாயில் நிறுத்தி, நாக்கின் மேல் உருட்டி, வெளியே விடுங்கள். நாலைந்து இழுப்புக்கு ஒரு முறை, பெரும்பங்குப் புகையை வாயால் வெளியேற்றிவிட்டு மிச்சமிருக்கும் துளியை மட்டும் மூக்கு வழியாக விடலாம். முழுவதையும் மூக்கில் விட்டால் கண்ணீர்தான் வரும்.

முதல் மூன்றில் ஒரு பங்கில் மிளகு முன்னால் வரும், பின்னால் கோகோ. ஐந்தாறு இழுப்புக்குள் மிளகு தணியும். நடுப்பங்குதான் இந்தச் சுருட்டின் உச்சம். காபி, வறுத்த கொட்டை, ஈர மண், பழைய தோல் பையைத் திறந்தால் வரும் வாசம் எல்லாம் மாறி மாறி வரும், எதுவும் எதையும் அழுத்தாது. மற்றவர்கள் எழுதி வைத்த சுவைகளைத் தேடாதீர்கள். உங்கள் நாக்குக்குத் தெரிந்த பொருள்தான் உங்களுக்குத் தெரியும். கடைசிப் பங்கில் எல்லாம் அடர்ந்து கறுக்கும். நிக்கோட்டின் வந்துவிட்டதை இப்போதுதான் உணர்வீர்கள். இழுப்புக்கு இழுப்பு இடைவெளியை இரண்டு நிமிடமாக்குங்கள்.

சாம்பலைத் தட்டிக்கொண்டே இருப்பது சிகரெட் பழக்கம். ஒரு அங்குலம் வரை தானே நிற்கும், தணலைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும். கிண்ணத்தின் விளிம்பில் மெதுவாக உருட்டினால் விழுந்துவிடும். பட்டைகளை முதலிலேயே கிழிக்காதீர்கள். பசை மேலிலையையும் சேர்த்து இழுத்து வரும். சூட்டில் பசை இளகிய பிறகு தானே கழன்று வரும்.

கூடவே தண்ணீர் அவசியம். கறுப்புக் காபி மதுரோவுக்குப் பொருந்தும். மது அருந்துபவர்கள் நிகரகுவாவின் பழுத்த ரம்மைச் சேர்ப்பதுண்டு. எனக்கு அது இனிப்பின் மேல் இனிப்பாகத் தெரிகிறது.

கோளாறு வந்தால்

ஒரு பக்கம் பின்தங்கினால், அந்தப் பக்கத்தைக் கீழே திருப்பிப் பிடித்துச் சில நிமிடம் பாருங்கள். பல நேரம் தானே சரியாகும். ஆகாவிட்டால் பின்தங்கிய இடத்தை மட்டும் சுடரால் தொடுங்கள். அணைந்துபோனால் பதற வேண்டாம். சாம்பலைத் தட்டி, உள்ளே தேங்கிய பழைய புகையை ஒரு முறை ஊதி வெளியேற்றிவிட்டு மறுபடி வாட்டுங்கள். அரை மணிக்குள் என்றால் சுவை அதிகம் கெடாது. மறுநாளைக்கு மிச்சம் வைப்பது மட்டும் வேண்டாம்.

தலை சுற்றுகிறதா? உடனே கீழே வைத்துவிடுங்கள். முடித்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வெளிக்காற்றில் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். சுருட்டு பிடிப்பவர்கள் ஒரு ஸ்பூன் சர்க்கரையை வாயில் போடுவார்கள். எனக்கு அது உதவியிருக்கிறது. வாந்தி நிற்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்றால் மருத்துவரிடம் போக வேண்டும்.

விரலில் சூடு தெரிந்தால், அல்லது புகை சூடாகவும் கசப்பாகவும் மாறினால், அத்தோடு போதும். சிகரெட் போல நசுக்காதீர்கள், அறை முழுக்க நாறும். கிண்ணத்தில் அப்படியே விட்டால் சில நிமிடத்தில் தானே அணையும். கழற்றிய இரண்டாம் பட்டையை ஒரு நோட்டில் ஒட்டி, வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் தேதி, எத்தனை வாரம் ஓய்வெடுத்தது, எத்தனை சதவீத ஈரத்தில் என்று எழுதி வையுங்கள். என் நோட்டின் முதல் பட்டைக்கு எதிரே இரண்டே சொற்கள் இருக்கின்றன: வெறும் வயிறு.